தூக்குச்சட்டியில் வந்த ஒட்டு ரோஸ்

நனைத்த ஈரிழைத் துண்டு ஒன்று பஸ் எஞ்சினின் சூட்டில் மத்தியானமெல்லாம் வெந்தால் ஒரு வாசம் வரும். அதில் ஆற்றுப் பாசியின் மணம் கொஞ்சம், டீசல் புகை கொஞ்சம், பக்கத்து சீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த கருவாட்டுப் பையின் வீச்சம் கொஞ்சம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் வெந்தும் வேகாமலும் கிடக்கிற ரோஜாப்பூவின் இனிப்பு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் என்றால் இந்த வாசம்தான். ரோஜா என்றதும் உங்களுக்கெல்லாம் எது நினைவுக்கு வருமோ தெரியாது, சைவ வீட்டில் பிறந்த எனக்கு முதலில் கருவாடுதான் நினைவுக்கு வருகிறது.

தொண்ணூறுகளின் முதல் பாதி அது. அப்பாவுக்குப் பாபநாசம் மலையடிவாரத்து மின் நிலையத்தில் வேலை. மலைமேலிருந்து இறங்கி வரும் பெரிய தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார். நான் பிறந்ததிலிருந்து அங்கேயிருந்த குடியிருப்பில்தான் வாசம். காலையில் கதவைத் திறந்தால் மலை, இருட்டிய பிறகு கதவைச் சாத்தினால் ஆற்றுச் சத்தம், நடுவில் குரங்குகளோடு அம்மா போடுகிற சண்டை, இப்படித்தான் எங்கள் நாட்கள் போயின. ஊட்டிப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்து அடுத்த வீட்டில் இருந்த அக்கா ஒருத்தி, ஊருக்குத் திரும்பும்போது அம்மாவிடம் ஒரு ரோஜாச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். நம் ஊர்ப் பன்னீர் ரோஜா மாதிரி தொட்டால் உதிர்கிற ஜாதி இல்லை அது. நீளக் காம்பு, கருஞ்சிவப்பு நிறம், மொட்டு விரிவதற்கே நாளாகும். அதற்கு "ஒட்டு ரோஸ்" என்று பெயர். முட்டை ஓடு போட்டால் நன்றாகப் பூக்கும் என்று அந்த அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்ததால், முட்டை என்ற சொல்லே புழங்காத எங்கள் வீட்டுக்கு அம்மா யார் யார் வீட்டிலிருந்தோ ஓடு வாங்கிக்கொண்டு வந்து, கை படாமல் கொட்டாங்கச்சியில் அள்ளி அந்தச் செடிக்குப் போட்டாள். போட்டுவிட்டுக் குளித்தாள். அவ்வளவு ஆசை அதன்மேல்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் அம்மாவை எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மலையடிவாரத்தில் இருந்தால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்பதால், வண்ணார்பேட்டையில் ஒரு வளவில், அதாவது நாலைந்து குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஒன்றை வாடகைக்குப் பிடித்தார் அப்பா. அம்மாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். தலை தாழவும் கால் உயரவுமாக அம்மா அதில் படுத்துக்கொண்டாள். ஆழ்வார்திருநகரியில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மை, அம்மாவின் உடன்பிறந்த அக்கா, பெரியப்பாவைத் தானே பொங்கித் தின்னச் சொல்லிவிட்டு எங்களுக்குச் சமைத்துப்போட வந்து சேர்ந்தாள். அப்பா மட்டும் பாபநாசத்தில் தனியே இருந்துகொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார்.

வரும்போது என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, செடியில் பூத்திருந்தால் கொண்டுவாருங்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். தலையில் வைத்துக்கொள்வதற்கு இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கவோ உட்கார்ந்து தலை சீவவோ கூடாத பெண், முடியை வாரிச் சுருட்டிக் கொண்டையாகப் போட்டுக் கிடந்தவள், பூவை எங்கே வைப்பாள்? சும்மா பார்ப்பதற்குத்தான் கேட்டாள். எங்கள் வீடுகளில் பூ என்றால் ஒன்று சாமிக்கு, இல்லாவிட்டால் கொண்டைக்கு. தண்ணீரில் நிறுத்திவைத்துப் பார்ப்பது கேள்விப்படாத சங்கதி. பெரியம்மை அதையும் ஒரு மசக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை அப்பா ஈரத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பூக்கள் எல்லாமே கழுத்து ஒடிந்து தொங்கின. இதழ் வாடவில்லை, நிறம் மங்கவில்லை, தலை மட்டும் நிற்கவில்லை. பெரியம்மை ஒரு எவர்சில்வர் போணியில் தண்ணீர் ஊற்றி அவற்றைப் போட்டு, அம்மாவின் கண்ணுக்கு நேராக ஜன்னலில் வைத்தாள். போணியின் விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு அவை தரையைப் பார்த்தன. அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த வாரமும் இதே கதைதான். அப்பா ஊருக்குப் போன பிறகு அம்மா பெரியம்மையிடம் சொன்னதை, பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"ஒவ்வொரு வாட்டியும் தலையத் தொங்கப் போட்டுட்டுத்தான் வருது பாத்தியாக்கா. நான் வச்ச செடி. இதுவும் தங்காது போலுக்கு."

"கூறுகெட்டவளே, பூவுக்கும் பிள்ளைக்கும் என்னட்டி சம்பந்தம்" என்று பெரியம்மை அதட்டினாள். அதட்டினாளே தவிர, குரலில் தெம்பில்லை.

"நிமிந்து நிக்கட்டும். அப்பம் நம்புதேன்" என்றாள் அம்மா.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் மூடநம்பிக்கை என்று உதட்டைப் பிதுக்கக்கூடும். பிதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளைக் கையில் வாங்காமலே இழந்துவிட்டு, கால் உயர்ந்த கட்டிலில் மாதக்கணக்காக உத்தரத்தை எண்ணிக்கொண்டு படுத்துக் கிடந்து பார்த்தால் தெரியும், மனசு எதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்கும் என்று. அம்மா படித்தவள்தான், ஆறாம் வகுப்புக் கணக்கெல்லாம் எனக்கு மனசிலேயே போட்டுச் சொல்லுவாள். ஆனால் பயத்துக்குக் கணக்குத் தெரியாதே. அவள் சாப்பிடாத நாட்களில் பெரியம்மை அடுக்களையில் நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வந்ததும் அவரை முற்றத்து அடிபம்புக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டேன். கால் கழுவ வந்தவர் கழுவாமலே நின்றார். பேச்சுக் குறைந்த மனிதர் அவர். சந்தோஷம் என்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், கவலை என்றாலும் அதையேதான் செய்வார். அன்றைக்கு வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பாபநாசத்திலிருந்து வண்ணார்பேட்டைக்கு ஒரு ரோஜாவைத் தலை நிமிர்ந்தபடி கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. அதற்கு நடுவில் மின் நிலையத்துக்கும் போய்வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் செய்து பார்க்காத வித்தை இல்லை. மல்லிகைப்பூவை அதில் வைத்தால் இரண்டு நாள் வாடாது என்று வாழை மட்டையைக் கீறி அதற்குள் ரோஜாவைப் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இதழ் நிறையத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். காம்பு நுனியைக் கல்லில் வைத்து நசுக்கினால் தண்ணீர் நன்றாக இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று நசுக்கினார். நசுக்காமல், பஸ் ஏறுவதற்கு முன்பு சவர பிளேடால் நுனியை நறுக்கிப் "புது வாய்" வைத்தார். சர்க்கரை போட்டார், உப்புப் போட்டார், தலைவலி மாத்திரையைக் கூடக் கரைத்தார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேர்மாதேவி என்று ஒவ்வொரு ஊரிலும் ஏறி இறங்குகிற சனிக்கிழமைக் கூட்டம் அவரைத் தெரிந்துவைத்திருந்தது. கண்டக்டர் அவருக்கு "ரோஜாப்பூ அண்ணாச்சி" என்று பேரே வைத்துவிட்டார். நிழல் விழுகிற பக்கமாக அவருக்கு ஒரு ஜன்னல் சீட்டு எப்படியோ கிடைத்துவிடும் என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். சீட்டுக் கிடைத்து என்ன செய்ய, பூ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேதான் எங்கள் வாசலுக்கு வந்தது.

பெரியம்மை இதற்குக் கண்ணேறுதான் காரணம் என்று தீர்மானித்தாள். இத்தனை ஊர்க்காரன் கண்ணும் பட்டால் பாறையே வெடிக்கும், பூ என்ன செய்யும் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. விடியற்காலையில் பூவைப் பறித்ததும் நேரே பாபநாசம் கோயிலுக்குப் போய், உலகம்மை காலடியில் வைக்கும்படி பட்டரிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மத்தியானம் பூசைக்குப் பிறகு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது என்று வைத்துக்கொண்டார். பிள்ளைப்பேறு வேண்டி அந்த அம்மன் சன்னதியில் மஞ்சள் இடித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். எழுந்து நடக்க முடியாத மனைவிக்காக இவர் ரோஜாவைக் கொண்டுபோய் வைத்தார். அம்மன் காலில் கிடந்த பூ என்றால் அம்மாவுக்கு ஒரு தைரியம் வரும் என்பது அவர் எண்ணம்.

நடந்ததோ நேர்மாறு. அம்மன் காலடியில் தாம்பாளத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை காய்ந்து கிடந்த பூ, முன்பைவிட மோசமாக வந்து சேர்ந்தது. ஜன்னலில் வைத்த சிறிது நேரத்தில் கழுத்து தண்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பா கோயில் சங்கதியைச் சொன்னதும் அம்மா மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மனே கைவிட்டுவிட்டாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த வாரம் முழுவதும் பெரியம்மை கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு கெஞ்சியும் அம்மா வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இப்படிப் பட்டினி கிடந்தால் படுத்துக் கிடப்பதற்கே பலன் இல்லை என்று கோபித்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த வாரம் அப்பா மூடி போட்ட பெரிய தூக்குச்சட்டி ஒன்றில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கோயிலில் வாங்கிய பூக்களை அதில் சொருகி, இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். பூ அப்போதும் தொங்கியது. எனக்கே அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் தொண்டை வறளுகிற மாதிரி அல்லவா இருக்கிறது இது. அப்பா தூக்குச்சட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்க மாட்டாமல் முற்றத்துக்குப் போய்விட்டார்.

பூக்களைப் போணிக்கு மாற்றும்போது ஒரு காம்பு மட்டும் ரொம்ப நீளமாக இருந்து சாய்ந்து சாய்ந்து விழுந்தது. பெரியம்மைக்கு எரிச்சல். "நில்லேம்ளா" என்று பூவையே வைதுகொண்டு, போணித் தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டு, தண்ணீருக்கு அடியில் வைத்தே காம்பைப் படக்கென்று ஒடித்துவிட்டு அப்படியே நிறுத்தினாள். அவள் செய்தது அவ்வளவுதான். வெளியே எடுத்து நறுக்கினால் தரை நனையும், நனைந்த தரையில் யாராவது வழுக்குவார்கள் என்பது மட்டுமே அவளுடைய கவலை.

மறுநாள் காலையில் அம்மாதான் முதலில் பார்த்தாள். போணியில் மற்ற பூக்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒடித்துவிட்ட அந்த ஒன்று மட்டும் கழுத்தை நேராக நிமிர்த்திக்கொண்டு நின்றது. அம்மா யாரையும் கூப்பிடவில்லை. சாமி காரியமா, கண்மயக்கமா என்று தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். அப்பா பல் விளக்கிவிட்டு வந்ததும், அந்தப் பூவுக்கு மட்டும் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றார் அப்பா. பெரியம்மையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தண்ணீருக்குள் வைத்து ஒடித்ததைப் பெரியம்மை ஏதோ குற்றம் செய்துவிட்டவள் மாதிரி ஒப்புக்கொண்டாள்.

அந்த நேரத்தில் முற்றத்தில் எதிர்வீட்டு மதினி அடிபம்பை டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்தாள். வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. அந்த பம்பு எப்போதுமே அப்படித்தான். சிறிது நேரம் சும்மா விட்டால் உள்ளே காற்று ஏறிவிடும், பிறகு வாயில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அடித்தால்தான் ஏறும். மதினி செம்போடு திரும்பி வந்து ஊற்றி அடிக்கவும் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவும் பார்த்தார். யார் முதலில் சொன்னது என்பதில் பிற்காலம் முழுவதும் இரண்டு பேருக்கும் சண்டை. நான் இருந்தேன், எனக்குத் தெரியும்: அம்மாதான் முதலில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அப்பாதான் வாயைத் திறந்தார்.

"காத்துப் புடிச்சிருக்கு கோமதி. காம்புக்குள்ள காத்துப் புடிச்சிருக்கு."

பிறகு அவர் பேசியதைப் போல அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. மலைக் குழாயில் ஒரு கை காற்றுப் புகுந்தாலே போதும், அத்தனை தண்ணீரும் இருந்தும் எந்திரம் உதறும். அந்தக் காற்றை வெளியேற்றுவதற்கென்றே தாங்கள் ஆள் வைத்திருப்பதைச் சொன்னார். பூவைப் பறித்த நிமிஷமே காம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது. தாம்பாளத்தில் கிடந்த நேரமெல்லாம் உறிஞ்சியிருக்கிறது. பிளேடால் நறுக்கினாரே, அதையும் வெளியில் வைத்து நறுக்கி, மறுபடி காற்றைத்தான் குடிக்கக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு காவேரியையே கொண்டுவந்து ஊற்றினாலும் மேலே ஏறாது. குழாயிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். பெரியம்மை, கட்டில் ஆடும், சிரிக்காதே என்று பதறினாள்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, ரோஜாத் தண்டின் குறுக்குவெட்டை வரைந்து பாகம் குறித்தேன். கீழேயிருந்து யாரும் தண்ணீரைத் தள்ளுவதில்லை, மேலே இலையும் இதழும் வெயிலில் விடுகிற ஈரம்தான் கீழேயிருக்கிற தண்ணீரை இழுக்கிறது, தலைமுடியைவிட மெல்லிய குழாய்களில் ஒரு சொட்டு அடுத்த சொட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அறுபடாமல் ஏறுகிறது, நடுவில் ஒரு காற்றுக்குமிழ் புகுந்தால் பிடி விட்டுப்போகும் என்று அங்கே பாடம் நடத்தினார்கள். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எழுதவே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சாப்பிடாமல் கொள்ளாமல் கற்றுக்கொண்டிருந்தோம்.

காரணம் தெரிந்ததும் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. பறித்த உடனே தண்ணீரில் வைத்துக்கொண்டு வருவதென்றால் கோயிலை விட வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிற நேரத்தில் அம்மனுக்கு வைக்க ஆரம்பித்ததை நிறுத்துவதா என்று அப்பா தயங்கினார். நிறுத்தவே கூடாது என்று பெரியம்மை ஒரே பிடியாக நின்றாள். தூக்குச்சட்டியோடு சன்னதிக்குள் போனால் பட்டர் என்ன நினைப்பார், தண்ணீரில் கிடந்த பூவை அம்மனுக்கு வைக்கலாமா என்று இரண்டு பேரும் வெகுநேரம் வழக்காடினார்கள். கடைசியில் அம்மா படுத்தபடியே வழி சொன்னாள். அம்மன் காலில் வைக்கிறபடி வையுங்கள். வாங்கிக்கொண்டு நேரே கோயில் முன்னாலிருக்கிற படித்துறையில் இறங்கி, காம்பை ஆற்றுக்குள் வைத்தே நன்றாக மேலே தள்ளி நறுக்குங்கள். தூக்குச்சட்டியையும் ஆற்றுக்குள்ளேயே முக்கி, பூவை வெளியே எடுக்காமல் அதற்குள் நிறுத்துங்கள். காற்றுப் பிடித்த துண்டு ஆற்றோடு போகட்டும் என்றாள்.

அப்படி வந்த முதல் சனிக்கிழமை எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா எங்கள் முடுக்குச் சந்துக்குள் நுழையும்போதே நடையில் தெரிந்துவிட்டது. தூக்குச்சட்டி மூடியின் ஓட்டைகளில் ரோஜாக்கள் நிமிர்ந்து நின்றன, சட்டி அசைய அவையும் அசைந்தன. வளவில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள், மூன்றாவதும் கேட்டாள். தான் மிளகாய் சுற்றிப் போட்டதில்தான் கண்ணேறு கழிந்தது என்று பெரியம்மை எல்லோரிடமும் சொன்னாள், அப்பாவும் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் பூ நின்றுகொண்டே வந்தது. அம்மாவுக்கு முகம் தெளிந்தது, கையில் சதை வைத்தது. ஆனாலும் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். அசைகிறதா என்று பெரியம்மை கேட்டால், "ம்" என்பதோடு சரி. யாரும் வயிற்றில் கை வைக்கவும் விடமாட்டாள். பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை அப்பா வரும் நேரம் தாண்டிவிட்டது. நான் முடுக்கு முனையில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் எனக்கு முன்பே வந்து எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்று. சட்டையெல்லாம் கரி. தூக்குச்சட்டி காலி. பூக்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தார், அத்தனையும் தொங்கின. சேர்மாதேவிக்கு இந்தப் பக்கம் பஸ் சூடேறி நின்றுவிட்டது. சுற்றிலும் கால்வாய்கள் மடை அடைத்துக் காய்ந்து கிடந்தன. கைப்பிள்ளைக்காரிகள் வெயிலில் நின்று தவித்தார்கள். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடி அலைந்தார். அப்பா தூக்குச்சட்டியை எடுத்து நீட்டிவிட்டார். இதையெல்லாம் அவர் எனக்கு அங்கே நின்று சொல்லவில்லை, பிறகு சொன்னது.

அங்கே கேட்டது ஒன்றுதான்.

"பூக்கடையில நீளக் காம்போட கிடைக்குமாட்டி?"

எங்கே கிடைக்கும்? வண்ணார்பேட்டைப் பூக்கடையில் ரோஜா என்றால் கொண்டையில் சொருகத் தோதாகக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூவை மட்டும் ஈரச் சாக்கில் பரப்பியிருப்பார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டையே கரியாக இருந்ததால் எதால் துடைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பெரிய ஆள், மலைக் குழாயையே கட்டி மேய்க்கிறவர், தன் வீட்டு வாசலுக்குப் போகப் பயந்துகொண்டு தெருவில் நிற்கிறார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான்தான் நடந்தேன்.

வாசலில் பெரியம்மை பார்த்துவிட்டாள். அவர் கையிலிருந்து பூவை வாங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மூன்று பேரும் படியிலேயே நின்றோம். உள்ளே கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். ஜன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"எம்புட்டு நேரம் வெளியவே நிப்பிய? பூ தொங்குனாத் தொங்கிட்டுப் போவுது. இங்கன வந்து கைய வைங்க. காலையில இருந்து என்னா உதை உதைக்கான் பாருங்க."

அப்பா அப்படியே கரிச் சட்டையோடு உள்ளே போனார். அம்மா அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, இங்கே இல்லை, இன்னும் பைய அங்கன என்று நகர்த்தினாள். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் அழுதார், சத்தமாகவே அழுதார். அம்மா அழவில்லை, அவர் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மை பூக்களைப் போணித் தண்ணீருக்குள் வைத்துப் பழக்கதோஷத்தில் ஒடித்துப் போட்டுவிட்டு, காப்பி போட அடுக்களைக்குப் போனாள். மறுநாள் அவை நிமிர்ந்தனவா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருமே பார்க்கவில்லை.

தம்பி ஆனி மாதத்தில் பிறந்தான். கனமான பிள்ளை, ஆஸ்பத்திரியையே கூட்டுகிற அழுகை. அப்பா திருநெல்வேலிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். குடியிருப்பை ஒப்படைத்தபோது செடியைப் பெயர்த்து எடுத்து வர வேண்டும் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

போன தை மாதம் அப்பாவும் நானும் பாபநாசம் போயிருந்தோம். எழுபதைத் தாண்டிவிட்ட மனிதர், அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மா வரவில்லை, அவள் கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள், அவனுக்குப் போன வருஷம்தான் பிள்ளை பிறந்திருக்கிறது. நாங்கள் இருந்த வரிசையில் இப்போது யாரும் குடியில்லை. கதவுகள் இல்லை, கூரை இறங்கிவிட்டது, அடுக்களை ஜன்னலில் கம்பிகூட இல்லை. கொல்லைப்பக்கம் உன்னிப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அப்பா ஒரு குச்சியை எடுத்துப் புதரை விலக்கி விலக்கித் தேடினார். தண்டோ வேரோ, எதுவும் இல்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இருக்குமா என்ன என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கோபுரம் தெரிகிற பக்கமாக நகர்ந்து, எட்டுகிற சிக்னலைப் பிடித்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"கோமதி, நம்ம ஒட்டு ரோஸ் இல்லட்டி. ஒண்ணுமே இல்ல" என்றார்.

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் சளப்பென்று விழும் சத்தமும் ஒரு பிள்ளையின் வீறலும் கேட்டன.

"போனாப் போவுது விடுங்க. இங்க இவன் தலை துவட்ட விடமாட்டேங்கான், பொறவு பேசுதேன்" என்றாள் அம்மா.

சொன்னாளே தவிர, போனை அணைக்க மறந்துவிட்டாள். அப்பா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உன்னிப் புதருக்கு முன்னால் குச்சியை ஊன்றிக்கொண்டு, பேரன் அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நின்றார்.